யாரும் தொடாத ஒரு மெகாபைட்

தையல் கடையின் சுவரில் மூன்று தாள்கள் உண்டு. ஒன்று, அளவு எடுக்கும் பட்டியல். இன்னொன்று, ‘அவசரம் என்பவர்கள் நேற்றே வந்திருக்க வேண்டும்’ என்று அக்கா தன் கைப்பட எழுதி ஒட்டியது. மூன்றாவதை லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். அதில் தங்கையின் படம் தபால்தலை அளவுக்கு இருக்கும். படத்துக்குக் கீழே, ‘நினைவகத்தில் ஒரு மெகாபைட்டை மிச்சப்படுத்தியமைக்காக’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே கம்பெனி முத்திரையும் மேலாளரின் கையெழுத்தும்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வேறு வழியில்லாமல் அதைத்தான் படிப்பார்கள்.

“ஒரு மெகாபைட்னா ரொம்பப் பெருசா?” என்று யாராவது கேட்டால் போதும், அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். “எவ்வளவு பெருசுன்னு கேக்காதீங்க. யார் கையிலேர்ந்து பிடுங்கினான்னு கேளுங்க” என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியாது.

தங்கைக்கு வீட்டில் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் அக்கா வைத்தது. ஐந்து வயதில் அம்மாவின் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டவள். அடிக்கக் கை ஓங்கிய அக்கா, பிரித்த இருபத்துமூன்று பாகங்களும் செய்தித்தாளின்மேல் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருப்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள். அந்த மெஷினைத்தான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா மிதிக்கத் தொடங்கினாள். துருவி படித்து முடித்து வேலைக்குப் போகிற வரை அது நிற்கவில்லை.

ஒருமுறை அக்கா கம்பெனிக்குப் போன் போட்டு, “துருவி இருக்காளா?” என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அங்கேயும் அதுவே பெயர்.

நோயாளியின் படுக்கையருகே வைக்கும் கருவிகளைச் செய்கிற சிறிய கம்பெனி அது. மார்பில் ஒட்டிய வில்லைகளிலிருந்து கம்பி வழியாக வருகிற இதயத் துடிப்பை அந்தக் கருவி பச்சைக் கோடாகத் திரையில் ஓட்டும். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் எந்தப் புரோகிராம் எப்போது ஓடலாம், எதற்கு எவ்வளவு நினைவகம், அதாவது மெமரி, தரலாம் என்று தீர்மானிக்கிற அடிப்படை மென்பொருளைக் கெர்னல் என்பார்கள். கெர்னலில் மெமரி பக்கம் முழுவதும் துருவியின் பொறுப்பு.

இதை அக்காவுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

“இரு இரு. மெமரி மொத்தமும் அந்தக் கெர்னல் கையிலதானே இருக்கு?” என்று அக்கா ஒரு நாள் ஆரம்பித்தாள்.

“மொத்தமும் இல்ல. வர்ற துடிப்பை வாங்கி வடிகட்டுறதுக்குன்னு தனியா ஒரு சில்லு, சிப்புன்னு சொல்வாங்களே, அது இருக்கு. அதுக்கு ஒரு பகுதியை முதல்லயே ஒதுக்கிடணும். கெர்னல் கண்ணு முழிச்ச உடனே ஒரு சீட்டைப் படிக்கும். இங்கேர்ந்து இதுவரைக்கும் உன்னோடது இல்ல, யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதேன்னு அதுல எழுதியிருக்கும்.”

“பஸ்ல ரிசர்வ் பண்ற சீட் மாதிரி.”

“இல்லக்கா. பஸ்ல ஆள் வரலன்னா வேற யாராவது உக்காந்துக்கலாம். இங்க ஆள் வரலன்னாலும் காலியாத்தான் கிடக்கணும்.”

“அப்ப டாக்டர் வீட்டு வாசல்ல ‘வண்டி நிறுத்தாதே’ன்னு போட்டிருக்கே, அது.”

“அதுவும் இல்ல. அங்க நிறுத்தினா டாக்டர் ஹாரன் அடிப்பார். இந்தச் சில்லு ஹாரன்லாம் அடிக்காது. உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்காது. ஏத்திட்டுப் போயிடும்.”

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். “கெர்னலுக்குத் தெரியாமலா?”

“தெரியாமத்தான். சில்லுக்கு வாசல் வேற.”

“சரி, அந்தச் சீட்டுல தப்பா எழுதிட்டா?”

“எழுத மாட்டோம்” என்றாள் துருவி.

அந்தச் சீட்டில்தான் சென்ற வருடம் அவள் கை வைத்திருந்தாள். கருவியில் மொத்தமே அறுபத்துநாலு மெகாபைட் மெமரி. இருபத்துநாலு மணி நேரத் துடிப்பையும் ஒரே படமாகக் காட்ட வேண்டும் என்று புதிதாக ஒரு வசதி கேட்டார்கள். அதற்கு ஒரு மெகாபைட் இடம் குறைவாக இருந்தது. சில்லுக்கோ பதினாறு மெகாபைட் ஒதுக்கியிருந்தது. ஏன் பதினாறு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

பதில் தெரியாத கேள்வி கிடைத்தால் துருவிக்குச் சோறு இறங்காது. சில்லின் பகுதி முழுக்க ஒரே மாதிரிக் குறிகளாக நிரப்பி, துணியில் சாக்குக்கட்டியால் புள்ளி வைப்பதுபோல ஓர் இடம் விடாமல் வைத்து, கருவியை ஓடவிட்டாள். சில்லு எங்கெல்லாம் எழுதுகிறதோ அங்கெல்லாம் குறி அழியும். முப்பது நாள், தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தாள். முதல் பதினைந்து மெகாபைட்டில் குறிகள் அழிந்துகொண்டே இருந்தன. கடைசி ஒரு மெகாபைட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

சீட்டில் பதினாறைப் பதினைந்தாக்கினாள். மிச்சமான ஒன்றைக் கெர்னலிடம் கொடுத்தாள். படம் ஓடியது, கை தட்டினார்கள், அக்காவுக்குச் சுவரில் மாட்ட ஒரு தாள் கிடைத்தது.

இந்த வருடம் அந்தக் கருவிகளில் ஐந்தை ஒரு மருத்துவமனை வார்டில் வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். பழைய கருவியும் பக்கத்திலேயே ஓடும். புதியது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் இன்னும் நாற்பது போகும். நாற்பதும் பெட்டியில் ஏறித் தயாராக இருந்தன.

ஒரு திங்கட்கிழமை காலை துருவியின் மேஜையில் மூன்று அறிக்கைகள் கிடந்தன. மூன்று வாரத்தில் மூன்று தடவை, வெவ்வேறு கருவிகள் திடீரென்று அணைந்து தாமாகவே எழுந்திருக்கின்றன. திரை நாற்பது நொடி இருட்டு. பழைய கருவி இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாற்பது நொடி என்பது படுக்கையில் கிடக்கிறவருக்கு எவ்வளவு என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அறிக்கைகளோடு இன்னொரு தாளும் இருந்தது. ‘நினைவகத்தில் ஒருவர் பகுதியில் இன்னொருவர் எழுதுவதில்லை என்று நான் சரிபார்த்தேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் துருவியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் கையெழுத்துப் போட்டால்தான் நாற்பதும் போகும்.

“மூணு தடவையும் செத்தது வேற வேற புரோகிராம் மேடம்” என்றாள் மேலாளரிடம். “ஒரு தடவை திரை வரையறது. ஒரு தடவை அலாரம் அடிக்கிறது. ஒரு தடவை நேரம் காட்டுறது. மூணுலயும் யாரோ நடுவுல கிறுக்கி வெச்சிருக்காங்க.”

மேலாளர் எதையும் நின்றுகொண்டே பேசுகிற அம்மா. “சில்லுக்குக் கொஞ்சம் கூட்டி ஒதுக்கிட்டுக் கையெழுத்தைப் போடும்மா.”

“எவ்வளவு கூட்டணும்னு தெரியாம எப்படி மேடம்?”

“ரெண்டு மடங்கா கூட்டு.”

“அப்புறம் கோடு வரையவே இடம் இருக்காது.”

சில்லுக்குள் ஓடுகிற மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அங்கே மீசை என்று பெயர். மீசை எப்போதோ எடுத்தாகிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவர் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

“இதோ பாரு துருவி. என் சில்லு பதினஞ்சுக்குள்ளதான் குப்பை கொட்டுது. முப்பது நாள் உக்காந்து பாத்ததே நீதான். உன் வீட்டு ஆளுங்களே ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுக்கறாங்க. என் தலையில கட்டாதே.”

“நான் யார் தலையிலயும் கட்டல. யாருன்னு பாக்கறேன்.”

“பாரு பாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா பாரு.”

செவ்வாய்க்கிழமை மாலை துருவி அக்காவின் கடைக்கு வந்து, துணி வெட்டுமுன் வரைந்து பார்க்கிற பழுப்புத் தாளில் நாலு முழம் கிழித்துக்கொண்டாள். தரையில் விரித்து, அதன்மேல் மண்டியிட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு கோடு இழுத்தாள்.

“என் தாள்ல என்னடி ரோடு போடுற?”

“அறுபத்துநாலு மெகாபைட்டும் இதுதான். இதுவரைக்கும் செத்தவங்க யாரு யாருன்னு பாத்தேன், ஒண்ணும் பிடிபடல. செத்தவங்க எங்க குடியிருந்தாங்கன்னு இப்பப் பாக்கப்போறேன்.”

அறிக்கை ஒவ்வொன்றிலும் கிறுக்கல் விழுந்த இடத்தின் முகவரி இருந்தது. அளந்து அளந்து, சிவப்புச் சாக்குக்கட்டியால் மூன்று புள்ளி வைத்தாள். அக்கா காஜா எடுப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். நாலு முழத் தாளில் மூன்று புள்ளிகளும் இரண்டு விரல் அகலத்துக்குள் நெருக்கியடித்து விழுந்திருந்தன.

“இது என்ன பெரிய கட்டம்?”

“அதுதான் சில்லோட பகுதி.”

“கட்டத்துக்கு வெளியிலதானே புள்ளி இருக்கு?”

“ஆமா.” துருவி சாக்குக்கட்டியை மறுபடியும் எடுத்தாள். “ஆனா போன வருஷம் கட்டம் இதுவரைக்கும் இருந்துச்சு.” புள்ளிகளுக்கு அந்தப் பக்கம் விட்டு விட்டு ஒரு கோடு போட்டாள்.

அக்கா தாளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “அந்த ஒண்ணா?”

“அந்த ஒண்ணுதான்.”

அப்புறம் அக்கா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு நம்பர்தானே? பதினஞ்சைப் பதினாறாக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடு. யாருக்குடி தெரியப்போகுது?”

துருவி அதை யோசிக்காமல் இல்லை. பஸ்ஸில் வரும்போதே யோசித்துவிட்டாள். ஒரு வரி, திருத்த அரை நிமிடம். கருவி அணைவது அநேகமாக நின்றுவிடும். மேலாளர் சந்தோஷப்படுவார், தாள் சுவரில் இருக்கும்.

“மாத்தினா நிக்கும்க்கா, அநேகமா. ஆனா ஏன் நின்னுச்சுன்னு தெரியாதே. முப்பது நாள் பாத்தேன். ஓர் எழுத்து மாறல. இப்ப யாரு வந்தா? எதுக்கு வந்தா? பதினாறோட நிப்பாங்களா, பதினேழுக்கும் போவாங்களா? சரிபார்த்தேன்னு எழுதியிருக்கு. நான் எதைச் சரிபார்த்தேன்?”

தங்கை பயந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தைவிட, ‘யார் அது?’ என்கிற அரிப்புதான் அவளைத் தூங்கவிடாது என்று அக்காவுக்குத் தெரியும். தாளை நாலாக மடித்து, மடிப்பை விரல் நகத்தால் அழுத்தி, தங்கையின் பையில் வைத்தாள்.

புதன்கிழமை துருவி வார்டுக்குப் போனாள். கம்பெனியில் கெர்னல் எழுதுகிறவர்கள் யாரும் அதுவரை அங்கே போனதில்லை, கருவிகள்தான் போகும்.

“நடுவுல நின்னா காலை மிதிச்சிடுவேன்” என்றாள் வார்டு நர்ஸ். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்த, வேகமாக நடக்கிற பெண். “அந்த ஸ்டூலை ஓரமாப் போட்டு உக்காரும்மா. யாருக்குச் சொந்தம் நீ?”

“அந்தப் புது மெஷினுக்கு.”

“ஓ, தூங்கி எழுந்திரிக்குமே, அதுக்கா? நல்ல சொந்தம்.”

எட்டு மணியிலிருந்து துருவி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்தாள். திரையை யார் தொடுகிறார்கள், எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள், படுக்கையை எப்படி நகர்த்துகிறார்கள் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டாள். ஒன்பதரைக்கு நர்ஸ் ஒரு பெரியவரைப் புரட்டித் துடைக்க வந்தாள். வந்த வேகத்தில் கருவியின் பக்கவாட்டிலிருந்து கம்பியை வெடுக்கென்று பிடுங்கி, சுருட்டி, தலையணையின்மேல் போட்டாள். துடைத்தாள். திரும்பச் செருகினாள். கோடு ஓடத் தொடங்கியது.

துருவி எழுந்து நின்றுவிட்டாள். “அடிக்கடி கழட்டுவீங்களா?”

“கழட்டாம? துடைக்கணும், புரட்டணும், எக்ஸ்ரேக்கு அனுப்பணும். கம்பியோட சேத்தா ஆளைத் தூக்குறது?” நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன், கழட்டக் கூடாதா?”

“கழட்டலாம், கழட்டலாம். நல்லாக் கழட்டலாம்.”

மதியத்துக்குள் பதினோரு தடவை கழற்றியதை எண்ணினாள். எண்ண எண்ண, கம்பெனியின் சோதனை அறை கண்முன் வந்தது. அங்கே நோயாளிக்குப் பதிலாகப் போலித் துடிப்பு அனுப்பும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்கும் கருவிக்கும் நடுவே கம்பி. முப்பது நாள் சோதனை கெட்டுவிடக் கூடாது, கூட்டுகிறவர்கள் கைபட்டுக் கழன்றுவிடக் கூடாது என்று அந்தக் கம்பியைக் கருவியோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, அதில் ஒரு சீட்டையும் தொங்கவிட்டவள் அவள்தான். ‘கழற்றாதே’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டாள். “இருபத்துநாலு மணி நேரப் படம் வருதே, அது உதவியா இருக்கா?”

“யாரு பாக்கறா? என் ஷிப்ட் எட்டு மணி நேரம். எனக்கு முன்னாடி இருந்தவ எழுதி வெச்சுட்டுப் போயிடுவா. பன்னெண்டு மணி நேரம் காட்டினா போதும், எழுத்தைப் பெருசா போடுங்க.”

சோதனை அறையில் ‘கழற்றாதே’ சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடத் தூசி. துருவி மீசையைக் கூப்பிட்டாள். கடைசி மெகாபைட்டைச் சில்லுக்கே திரும்பக் கொடுத்துவிட்டு, பழையபடி குறிகளால் நிரப்பினாள். பிறகு சீட்டை வெட்டி எடுத்தாள், கட்டை அவிழ்த்தாள், நர்ஸ் செய்ததுபோலவே வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இப்பப் பாருங்க.”

மீசை குனிந்து திரையைப் பார்த்தார். பதினாறாவது மெகாபைட்டின் தொடக்கத்தில் குறிகள் அழிந்து வேறு என்னவோ எழுதியிருந்தது. அவள் கம்பியைச் செருகித் திரும்பவும் பிடுங்கினாள். அதற்கடுத்து இன்னொரு பத்தி முளைத்தது.

“இது நான் எழுதினது இல்ல” என்றார் மீசை. முன்பிருந்த ஏற்றம் குரலில் இல்லை.

“நீங்க எழுதினதுன்னு நான் சொல்லவே இல்லையே. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

அவர் பழைய கோப்புகளைத் திறந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து நாற்காலி உருண்டு வந்தது. “எனக்கு முன்னாடி இருந்தவரோட வேலை. கம்பி கழண்டா, கழண்ட நேரத்தையும் அதுக்கு முந்தின பத்து நொடித் துடிப்பையும் அங்க குறிச்சு வைக்குது. மெஷின் ரிப்பேருக்கு வந்தா பாக்கறதுக்காம்.”

“எங்க நிக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“பதினாறு முடிஞ்சா சுத்தி வந்து பதினாறோட ஆரம்பத்துலேர்ந்து எழுதும். தாண்டாது. நாலு தடவை படிச்சுட்டேன்.”

துருவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எல்லாம் வரிசையில் நின்றது. கம்பி கழலும்போதெல்லாம் சில்லு எழுதியிருக்கிறது. பெரும்பாலும் அந்த இடத்தைக் கெர்னல் யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. என்றோ ஒரு நாள் யாராவது இருபத்துநாலு மணி நேரப் படத்தைத் திறந்த மெமரி நெருக்கடியில் அங்கே ஒரு புரோகிராமைக் குடிவைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கம்பியைப் பிடுங்கினால் குடியிருந்தது செத்தது. சில்லின்மேல் ஒரு குற்றமும் இல்லை. தனக்குக் கொடுத்த இடத்தில்தான் அது எழுதிக்கொண்டிருந்தது. இடத்தைப் பறித்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போய், உட்காராமல் சொன்னாள்.

“தப்பு என்னோடது மேடம். யாரும் கழட்டக் கூடாதுன்னு கட்டிப்போட்டுட்டு, கழட்டினா என்ன ஆகும்னு பாக்காம விட்டுட்டேன். அந்த ஒரு மெகாபைட்டைத் திருப்பிக் கொடுத்துடணும். படம் பன்னெண்டு மணி நேரமாக் குறையும். இந்தத் தாள்ல இப்பக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மேலாளர் அதிசயமாக உட்கார்ந்தார். “எப்பப் போடுவே?”

“புதுச் சீட்டோட அஞ்சு மெஷின்ல ஆயிரம் தடவை கம்பியைப் பிடுங்கிப் பாத்த பிறகு. இன்னொண்ணும் சேக்கணும். மெஷின் எழும்போது, உனக்கு எவ்வளவு வேணும்னு கெர்னல் சில்லைக் கேக்கட்டும். சில்லு சொல்றதும் சீட்டுல இருக்கறதும் ஒத்துப்போகலன்னா அங்கேயே நின்னு, திரையில சொல்லிடட்டும். அடுத்த தடவை யாராவது என்னை மாதிரி குறைச்சா, பெட்டியில ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.”

“அந்தப் பாராட்டுத் தாள்ல என் கையெழுத்துதான் இருக்கு” என்றார் மேலாளர், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு போனை எடுத்து மருத்துவமனைக்குப் பேசினார். திங்கட்கிழமை வரை நேரம் கிடைத்தது. “ஆனா ஆயிரம் தடவை பிடுங்க ஆள் கிடையாது. எல்லாரும் நாற்பது பெட்டியையும் பிரிச்சு மென்பொருள் மாத்தணும்.”

“ஆள் இருக்கு” என்றாள் துருவி.

சனிக்கிழமை காலை தையல் கடைக் கதவில் ‘இன்று அளவு எடுக்கப்படாது’ என்று ஒரு தாள் தொங்கியது. அக்கா இஸ்திரி போட்ட உடையில், கழுத்தில் பார்வையாளர் அட்டையும் பழக்கதோஷத்தில் அளவு நாடாவும் தொங்க, சோதனை அறையில் ஐந்து கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். மடியில் ஒரு நோட்டு. பிடுங்கினால் ஒரு கோடு, நாலு கோட்டுக்கு ஐந்தாவதைக் குறுக்கே. அவசரப்படவில்லை, ஒவ்வொரு தடவையும் பச்சைக் கோடு திரும்ப வந்த பிறகே அடுத்த கருவிக்குப் போனாள்.

“இதுதான் நீ தினமும் பண்ற வேலையா?” என்று இருநூறாவது தடவையில் கேட்டாள்.

“இது ஒரு பகுதிக்கா.”

“பட்டன் தைக்கிறதைவிட மோசமா இருக்கே.”

முந்நூற்று நாற்பதில் மூன்றாவது கருவி சட்டென்று இருண்டது. அக்கா போட்ட சத்தத்தில் மீசை நாற்காலியிலிருந்து எழுந்தே ஓடிவந்தார். துருவி கருவியின் பின்பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள்.

“அக்கா, அது கரன்ட் வயர்.”

“ரெண்டையும் கறுப்பா வெச்சா நான் என்ன பண்ணுவேன்?” அக்கா நோட்டில் அந்த முந்நூற்று நாற்பதை அடித்துவிட்டு, பையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்தாள். ஐந்து துடிப்புக் கம்பியிலும் முனையில் பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். “இப்பத் தெரியுதா எது எதுன்னு? படிச்சவங்க செய்ய மாட்டாங்களா இதை?”

மீசை அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார். அடுத்த முறை வருகிற கம்பிகளுக்குச் சிவப்பு முனை வேண்டும் என்று அன்றே எழுதிக் கொடுத்தார்.

நாலே முக்காலுக்கு ஆயிரம் முடிந்தது. அக்கா நோட்டைக் கூட்டிப் பார்த்து, திரும்பவும் கூட்டிப் பார்த்து, “எதுக்கும் இருக்கட்டும்” என்று இன்னும் ஐந்து பிடுங்கினாள். துருவி ஐந்து கருவிகளின் மெமரியையும் திறந்தாள். பதினாறாவது மெகாபைட் நெடுகப் பதிவுகள் வரிசையாக நிறைந்து, சுற்றி வந்து, தொடக்கத்திலிருந்து மறுபடியும் எழுதியிருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், கெர்னலின் இடத்தில், அவள் வைத்த குறிகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இந்தத் தடவை அது எதனால் மாறவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தாளை எடுத்துக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டாள். அக்கா பக்கத்தில் நின்று, பேனா ஓடி முடிகிற வரை பார்த்தாள்.

திங்கட்கிழமை நாற்பது பெட்டிகளும் போயின. அன்று மாலை கடையில் அக்கா ஸ்டூலின்மேல் ஏறி, லேமினேட் செய்த தாளின் முன் நின்றாள். “இதைக் கழட்டிடவாடி?”

“எடுத்தா சுவத்துல நாலு ஓட்டை தெரியும். இருக்கட்டும்.”

“பொய்யாச்சே இப்ப.”

துருவி பையிலிருந்து அந்தத் தூசி படிந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா வாங்கி, ஊதி, ‘கழற்றாதே’ என்பதைப் படித்தாள். அடியில் போட்ட இரண்டு கோடும் அளந்து போட்டதுபோல் நேராக இருந்தன. தங்கையின் பள்ளி நோட்டுகளிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு குண்டூசியை எடுத்து, லேமினேட் தாளுக்குக் கீழே அதைக் குத்திவைத்தாள்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் ஒரு சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர். கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், வேறு வழியில்லாமல் படித்தார்.

“மேல மிச்சப்படுத்தினதுன்னு இருக்கு. கீழ கழற்றாதேன்னு இருக்கு. என்ன இது?”

அக்கா நாடாவை உதறி அவர் தோளில் வைத்தாள். “அதுவா? என் தங்கச்சி எழுதினது. கொஞ்சம் பெரிய கதை. அவசரம் இல்லையே? கையை நல்லாத் தூக்குங்க, சொல்றேன்.”